க்ளேயின் முகங்களைப் பிள்ளையோடு எப்படிப் பார்ப்பது?

கமுகம்பூ (பேர்ண்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். படம் கீறுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் மூன்று நாளாக ஒரு விசயம் மனதில் கிடக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

மகளுக்கு ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. போன கிழமை வகுப்போடு, ஓவியர் பௌல் க்ளேயின் படங்கள் இருக்கும் பௌல் க்ளே மையத்துக்குப் போய் வந்தாள். பேர்ணில் இருப்பவர்களுக்குத் தெரியும், 12 ஆம் இலக்க பஸ்ஸின் கடைசித் தரிப்பில் மூன்று அலை மாதிரிக் கூரை போட்ட கட்டடம். திரும்பி வரும்போது ஆசிரியை ஒரு படத்தின் பிரதி கொடுத்துவிட்டிருந்தார். ஒரு வட்டம். வட்டத்துக்குள் செம்மஞ்சள், மஞ்சள், றோஸ், வெள்ளைக் கட்டங்கள். சிவப்பாக இரண்டு கண்மணி. வாய் இருக்கவேண்டிய இடத்தில் சின்னச் சின்னச் சதுரம். க்ளேயின் அந்தப் படத்தின் பெயர் செனேசியோ, கீறிய ஆண்டு 1922. இந்த மாதிரி வீட்டில் உள்ள ஒருவரைக் கீறிக்கொண்டு வரவேண்டும், அதுதான் வீட்டுவேலை.

அவள் என்னைக் கீறினாள். குசினி மேசையில் இருந்து இரண்டு மணித்தியாலம் அசையவில்லை. முடித்துக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு நீள்சதுரம். ஒரு கண் பெரிசு, மற்றது வெறும் கோடு. வாய் ஒரு நீலப் பெட்டி, அதன் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். மூக்கே இல்லை.

"அம்மான்ர மூக்கு எங்க?" என்று கேட்டேன். குறை சொல்லவில்லை, அறியத்தான் கேட்டேன். பிள்ளையின் முகம் அப்படியே சுருங்கிப் போனது. "இது நீங்கள் வேலையால வந்து சப்பாத்துக் கழட்டேக்குள்ள இருக்கிற முகம்" என்று சொல்லிப் படத்தைக் கொப்பிக்குள் வைத்து மூடிவிட்டாள்.

நான் ஒரு உணவகத்தில் பின்னேர வேலை. வீட்டுக்கு வர இரவு பத்தரை ஆகும். வெள்ளிக்கிழமைகளில் அவள் நித்திரை கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். வாசலில் வாங்கிலில் இருந்து சப்பாத்துக் கழற்றும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. அன்றிரவு அவள் படுத்தபிறகு கொப்பியைத் திறந்து பார்த்தேன். கன நேரம் பார்த்தேன். அதில் என்னவோ இருக்கிறது. அது நான்தான் என்று படுகிறது, ஆனால் எப்படி என்று விளங்கவில்லை.

இந்த மாதிரிப் படங்களில் முகத்தை ஓவியர் ஒளித்து வைக்கிறாரா, அல்லது நாங்களாக நினைத்துக்கொள்கிறோமா? நாலு சதுரமும் ஒரு முக்கோணமும் எப்படி ஒரு குறும்பையோ துக்கத்தையோ காட்டும்? எல்லாவற்றையும்விட, பிள்ளையோடு இதைப் பற்றி எப்படிக் கதைப்பது? அந்தப் படத்தை அவள் திரும்ப வெளியே எடுக்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.


றைன்கரை (பாசல்) எழுதியது:

அக்கா, செனேசியோவின் மூலப்படம் இங்கே பாசல் கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். படிக்கிற காலத்தில் அதன் முன்னால் பல தடவை நின்றிருக்கிறேன். பிரதியில் பார்ப்பவர்கள் பெரிய படம் என்று நினைப்பார்கள். இல்லை. உயரம் 40 சென்றிமீற்றர், அகலம் 38 அளவில்தான். சுவரில் மாட்டுகிற முகம் பார்க்கும் கண்ணாடி அளவு. மெல்லிய கோஸ் துணியில் எண்ணெய் வண்ணம். கிட்டப் போனால் நிறம் வழவழப்பாக இருக்காது, தோல் மாதிரிச் சொரசொரப்பு தெரியும்.

உங்களிடம் பிரதி இருக்கிறதுதானே? ஒரு கண்ணுக்கு மேல் முக்கோணம், மற்றக் கண்ணுக்கு மேல் வளைந்த கோடு. ஒரு வெள்ளைத் தாளால் பாதி முகத்தை மூடிவிட்டு மற்றப் பாதியை மட்டும் பாருங்கள். பிறகு மாற்றி மூடுங்கள். ஒரு பாதி ஒரு குணம், மறுபாதி வேறு குணம். தாளை எடுத்தவுடன் புருவத்தை உயர்த்தி எங்களை ஏதோ கேட்கிற முகம் வருகிறது. அந்தக் குறும்பு எந்த ஒரு துண்டிலும் இல்லை. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் நிற்பதில் இருக்கிறது.

பெயரையும் மகளுக்குச் சொல்லுங்கள். செனேசியோ என்பது ஒரு செடி. சின்ன மஞ்சள் பூ, இங்கே தோட்டங்களில் தானாக முளைக்கும் களை. பூத்து முடிந்ததும் வெள்ளை மயிர் மாதிரிப் பஞ்சு வரும். கிழவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயர். படத்துக்கு டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், இன்னொரு பெயரும் உண்டு: பால்ட்கிறைஸ், அதாவது கெதியில் கிழவன் ஆகப்போகிறவன். வட்டமான குழந்தை முகத்துக்கு அப்படி ஒரு பெயர். சிறுபிள்ளையா, வயதானவரா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.


கோட்டுப்புள்ளி (தஞ்சாவூர்) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அரசுப் பள்ளியில் 23 வருடமாக ஓவிய ஆசிரியர் நான்.

றைன்கரை சொன்ன செடியைப் படித்ததும் எனக்கு எங்கள் வயல் வரப்பு நினைவுக்கு வந்தது. வெட்டுக்காயப் பூண்டை நாங்கள் தாத்தாப் பூ என்போம். அதுவும் அதே சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, அதுவும் காய்ந்தால் நரைத்த தலைதான். களைச்செடியில் கிழவனைப் பார்க்கிற கண் எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஆறாம் வகுப்பில் நான் செய்யும் பயிற்சி ஒன்று சொல்கிறேன். எவர்சில்வர் டம்ளரைத் தாளில் கவிழ்த்து வட்டம் போடச் சொல்வேன். உள்ளே இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். அடுத்து இன்னொரு வட்டம், அதே புள்ளிகள், ஆனால் ஒரு புள்ளியை மட்டும் ஒரு நெல் அகலம் கீழே இறக்கச் சொல்வேன். உடனே வகுப்பு கலகலவென்று ஆகிவிடும். "சார், இவன் பொய் சொல்றான் சார்!" என்பான் ஒருவன். "இல்ல சார், தூக்கம் வருது" என்பாள் இன்னொருத்தி. ஒரு நெல் அகலம்தான். பிறந்து சில மணி நேரமே ஆன சிசுகூட முகம்போல அமைந்த புள்ளிகளின் பக்கம் தலையைத் திருப்புகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். முகம் பார்ப்பது நமக்குப் பள்ளிக்கூடம் சொல்லித் தந்த வித்தை இல்லை.

அதனால் உங்கள் மகள் செய்ததைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். க்ளே 1902 இல், 22 வயதில், தன் குழந்தைப் பருவத்துப் படங்களைப் பெற்றோர் வீட்டில் தேடி எடுத்தார். தான் அதுவரை செய்ததில் அவைதான் முக்கியமானவை என்று தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். பிறகு 1911 இல் தன் படங்களுக்கெல்லாம் இலக்கம் போட்டுப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது அந்தக் குழந்தைப் படங்களில் சிலவற்றையும் அதில் சேர்த்தார். இத்தாலி போய் வந்து, உடற்கூறும் படித்த மனிதர் செய்த வேலை அது.

இன்னொன்று, எனக்குப் பிடித்த செய்தி என்பதால் சொல்கிறேன். செனேசியோ பிறந்த அதே 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சிக்கு ஜெர்மனியிலிருந்து பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளி ஓவியர்களின் படங்கள் வந்தன. க்ளேயின் படங்களும் அவற்றில் இருந்தன.


இரவுப்பணி (பேர்ண்) எழுதியது:

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்று இரவு வேலை நடுவில் வாசித்தேன். மணி இரண்டு இருக்கும். மாடி முழுக்க அமைதி. அங்கேயே பதில் எழுதத் தொடங்கினேன், அழைப்பு மணி அடித்ததால் விட்டுவிட்டேன். இப்போது வீட்டில் இருந்து ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் 16 வருடமாக ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பார்கின்சன் வருத்தம் உள்ள சிலர் எங்களிடம் இருக்கிறார்கள். அந்த வருத்தத்தில் கை நடுங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முகம் அசையாமல் போகும் என்பது பலருக்குத் தெரியாது. கண் இமைப்பதும் குறைந்துவிடும். பிள்ளைகள் பார்க்க வருவார்கள், அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வெளியே வந்து எங்களிடம் மெல்லக் கேட்பார்கள்: "அப்பா எங்களோடு கோபமா?" கோபம் இல்லை. முகம் சொல்வழி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் ஒரு ஐயாவைக் கோபக்காரர் என்று நினைத்திருந்தேன். தபால்காரராக இருந்தவர். கோப்பி கொண்டுபோய் வைத்தால் ஒரு அசைவும் இருக்காது. ஒருநாள் கோப்பியை வைத்துவிட்டுப் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது கண்டேன், அவருடைய வலது பெருவிரல் போர்வையின் கரையை இரண்டு தரம் தடவியது. அடுத்த நாளும் கோப்பி வந்தவுடன் அதே இரண்டு தரம். அதற்குப் பிறகு நான் அவர் முகத்தில் சிரிப்பைத் தேடவில்லை. விரலைப் பார்த்தேன்.

கோடை காலத்தில் ஒருநாள் ஆறு பேரை க்ளே மையத்துக்குக் கூட்டிப் போனோம். இந்த ஐயாவின் சக்கர நாற்காலியை நான் தள்ளினேன். பெரிய நிறப் படங்களை எல்லாம் அவர் சும்மா கடந்து வந்தார். ஓரிடத்தில் ஒரு பென்சில் படம் மாட்டியிருந்தது. நிறமே இல்லை. வெள்ளைத் தாளில் சில கோடுகள். ஒரு கோடு தோளிலிருந்து சரிந்து செட்டை மாதிரி ஆகி, திரும்பி வந்து கையாகிறது. இரண்டு கையும் முன்னால் கூடி நிற்கின்றன, வாசலில் நின்று பேச்சு வாங்கப்போகிற பிள்ளை நிற்பது போல. கண் இரண்டும் கீழே பார்க்கின்றன. வாய் சின்ன வளைவு. நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளினேன். அது நகரவில்லை. கீழே பார்த்தால் ஐயா கால்தாங்கியில் இருந்து ஒரு காலை எடுத்துத் தரையில் ஊன்றியிருக்கிறார்.

நின்றோம். மற்றவர்கள் தேநீருக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவருடைய பெருவிரல் போர்வைக் கரையைத் தடவியது. பிறகுதான் நான் பக்கத்தில் இருந்த சிறு பலகையை வாசித்தேன். மறதியான தேவதை, 1939.

வீட்டுக்கு வந்து அந்த 1939 பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

க்ளே பேர்ணுக்குப் பக்கத்தில் முன்சன்புக்சே என்ற ஊரில் 1879 இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் பேர்ணில். பிறகு ஜெர்மனிக்குப் போய்ப் பெயர் எடுத்து, பௌஹவுஸில் பத்து வருடம் படிப்பித்து, டுசல்டோர்ஃப் கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1933 இல் ஹிட்லரின் நாசிக் கட்சிக்காரர் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த வருடக் கடைசியில் பேர்ணுக்குத் திரும்பி வந்தார். 1937 இல் மியூனிக்கில் அந்தக் கட்சிக்காரர் "சீரழிந்த கலை" என்று பெயர் வைத்துக் காட்டிய படங்களில் அவருடைய 17 படங்கள் இருந்தன. 1935 இல் அவருக்கு நோய் தொடங்கியது. தோல் இறுகிக்கொண்டு போகிற ஸ்கிளெரோடெர்மா என்று அவர் இறந்தபிறகுதான் மருத்துவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சாப்பாடு விழுங்க முடியாமல் கஷ்டப்பட்டார். முகத்துத் தோல் இறுகி முகமூடி போல ஆனது. கடைசி வருடப் புகைப்படங்களில் பார்க்கலாம், கண் மட்டும்தான் அவருடையது மாதிரி இருக்கும். 1936 இல் அவர் பட்டியலில் சேர்த்தவை வெறும் 25 படங்கள். 1939 இல் 1253.

அந்த இறுகிய முகத்தோடு இருந்தவர்தான் மறதியான தேவதையையும் அது போன்ற வேறு தேவதைகளையும் கீறினார். ஒன்று அழுகிறது, ஒன்று இன்னும் அசிங்கமாகவே இருக்கிறது, ஒன்று கால் பக்கத்தில் சின்ன மணி கட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து கோடுதான். அவர் ஏன் அப்படிக் கீறினார் என்று சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் முகம் அசையாத மனிதர்களோடு இத்தனை வருடம் இருந்த எனக்கு, அந்தக் கோடுகள் ஐயாவின் பெருவிரல் மாதிரித் தெரிகின்றன. எல்லாம் நின்றபிறகும் அசைகிற ஒரே ஒரு இடம்.

இன்னொரு விசயம், இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தகப்பன் ஜெர்மன்காரர் என்பதால் பேர்ண் பேச்சு பேசி வளர்ந்த க்ளேக்கு சுவிஸ் குடியுரிமை இருக்கவில்லை. விண்ணப்பித்தார், காத்திருந்தார். 1940 ஜூன் 29 இல் தெற்கே முறால்ட்டோவில் இறந்துபோனார். விண்ணப்பத்தின் முடிவுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அந்தப் படிவங்களை நிரப்பிவிட்டுத் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது என்ன என்று தெரியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒளித்து வைக்கிறாரா, நாங்கள் நினைக்கிறோமா என்று கேட்டீர்கள். ஒளித்து வைக்கவில்லை என்றுதான் நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். கோட்டை முதலில் நடக்க விடுவார். அது எங்கேயோ போகும், வழியில் ஒரு கண் வரும், ஒரு தோள் வரும். படம் முடிந்தபிறகுதான் பெயர். தாளை ஒரு மட்டையில் ஒட்டி, கீழே ஒரு கோடு போட்டு, ஆண்டு, இலக்கம், பெயர் என்று பேனையால் எழுதுவார். பிள்ளை பிறந்தபிறகு பெயர் வைப்பது போல.

உங்கள் வீட்டுச் சுவரில் பிளக் குத்துகிற இடத்தை மகளுக்குக் காட்டுங்கள். சுவிஸ் பிளக்குக்கு மூன்று ஓட்டை, இரண்டு கண்ணும் ஒரு வாயும். க்ளேயும் அதைக் கண்டிருக்கிறார்! மகன் ஃபீலிக்ஸுக்காக 1916 இலிருந்து 1925 வரை ஐம்பது கைப்பாவைகள் அளவில் செய்தார். அவற்றில் ஒன்று, 1923 இல் செய்தது, பிளக் குத்துகிற பீங்கான் துண்டையே முகமாக வைத்த மின்சாரப் பேய். இன்னொன்று நெருப்புப்பெட்டியில் செய்தது. முப்பது பாவைகள் மிச்சம், பேர்ண் மையத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டாம். ஒரு நெருப்புப்பெட்டியும் பழைய துணித்துண்டும் மேசையில் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் பக்கத்தில் இருந்தாலே காணும்.

மூக்கு எங்கே, காது எங்கே என்று கேட்டால் பிள்ளை தான் பிழை விட்டதாக நினைக்கும். அவள் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டாள், அது சப்பாத்துக் கழற்றும் நேரத்து முகம். ஒரு நேரத்தைக் கீறியிருக்கிறாள். அதனால், "எந்த இடத்தை முதலில் தொடங்கினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்த நீல வாயின் மஞ்சள் மூலையைப் பற்றித்தான் அறிய ஆசை. பிறகு ஒரு மட்டை எடுத்துக் கொடுங்கள். படத்தை ஒட்டட்டும், கீழே கோடு போட்டுப் பெயர் எழுதட்டும். பெயரை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

மையத்துக்குப் போவதென்றால் ஒன்று: பென்சில் படங்கள் வெளிச்சத்தில் பழுதாகும் என்பதால் எப்போதும் மாட்டியிருக்க மாட்டார்கள், மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். தேவதையைத்தான் பார்க்கவேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். அவருடைய கல்லறை பக்கத்திலேயே, ஷோஸ்ஹால்டே மயானத்தில். நடந்தே போகலாம்.


கமுகம்பூ (பேர்ண்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, உங்கள் பதிலை பஸ்ஸில் வாசித்து, இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

நேற்று எனக்கு லீவு. முதலில் செனேசியோவை மேசையில் வைத்து, தம்பி சொன்னது போல வெள்ளைத் தாளால் பாதியை மூடினேன். அவளாகக் கிட்ட வந்தாள். "மற்றப் பக்கத்தை மூடுங்கோ" என்றாள். பிறகு தாளை என்னிடமிருந்து வாங்கி, சரித்து, குறுக்காக எல்லாம் வைத்துப் பார்த்தாள். குறுக்காக வைத்தால் அழுகிறதாம். நான் பார்த்தேன், உண்மைதான். ஏன் என்று தெரியவில்லை.

டம்ளர் வட்டமும் போட்டோம். அவளுடைய புள்ளி கீழே இறங்கினது எனக்குப் பல்லுக்குத்து வந்த ஆள் மாதிரி இருந்தது. இல்லை, கணக்குச் செய்கிற ஆள் என்றாள்.

அப்புறம் மெதுவாக, "நீ என்னைக் கீறின படத்தில எந்த இடத்தில முதல் தொடங்கின்னீ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. எழும்பிப் போய்க் கொப்பியைக் கொண்டுவந்தாள். விரலை வைத்தது அந்த மஞ்சள் மூலையில். அதுதான் முதலாம். நீலம் பிறகுதானாம். நான் சப்பாத்துக் கழற்றும்போது குனிந்தே இருப்பேனாம், இரண்டாவது சப்பாத்தும் கழன்றபிறகு நிமிர்ந்து அவளைப் பார்ப்பேனாம். அந்த இடத்தில் தொடங்கியிருக்கிறாள்.

பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டிக் கொடுத்தேன். ஒட்டினாள். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஆண்டு எழுதி, இலக்கம் 1 என்று எழுதினாள். இன்னும் கீறப்போகிறாளாம். பெயரை டொச்சில் எழுதுவாள் என்று நினைத்தேன். தமிழில், எழுத்துக்கூட்டிக்கூட்டி எழுதினாள்: "ரெண்டாவது சப்பாத்து."

மூக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. படுக்கப் போகும்போது அவளே சொன்னாள்: "மூக்கு களைக்கிறேல்லத்தானே அம்மா, அதான் கீறேல்ல."